ஆறும் முன் வெட்டிய துணி

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் குடிகாரனையும் அடிக்கிறவனையும் தேடிக்கொண்டே வருவார்கள். அவர் குடிக்க மாட்டார். கை நீட்டியதில்லை. தினமும் காலையில் என்னை மொபெட்டில் உட்கார வைத்து ஷெட்டில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் சந்துப் பெண்கள் எல்லாரும், இப்படி ஒரு மனுஷன் யாருக்கு வாய்க்கும் என்று என் காதுபடவே பேசுவார்கள். நானும் அதைக் கேட்டுப் பூரித்துப்போய்த் திரிந்தேன். என் கம்பெனி மூடிப்போனதற்கும் அந்த மனுஷன்தான் காரணம்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது எனக்குத் துணியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பக்கத்துக் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தேன். தைத்து விழுகிற உருப்படிகளை எடுத்து மடித்து அடுத்த மிஷினுக்குத் தள்ளுகிற வேலை. அங்கிருந்து செக்கிங், பிறகு ஓவர்லாக் டைலர், பிறகு முப்பது மிஷினுக்கு சூப்பர்வைசர் என்று பன்னிரண்டு வருஷம் ஓடியது. துணியை விரலால் இழுத்துப் பார்த்தே அது துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று சொல்லிவிடுவேன். துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர்களே ரோலில் ஒரு துண்டைக் கிழித்து என் கையில் கொடுத்து, இது எப்படி வரும் என்று கேட்பார்கள். வேலை தெரிந்தவள் என்ற அந்தப் பேர் ஒன்றுதான் நானாகச் சம்பாதித்தது.

வெளிநாட்டு ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறையை எடுத்த பிறகு ஊரே தலைகால் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மாட்டுக் கொட்டகையைக்கூட ஷெட்டாக்கி நாலு மிஷினைப் போட்டார்கள். நாமும் போடலாம் என்ற பேச்சை வீட்டில் எடுத்தவள் நான்தான். அருள்புரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டும் பழைய மிஷின் எட்டும் கிடைத்தன. பெரிய கம்பெனிகள் வெட்டித் தருகிற துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிற வேலை. அவர் அப்போது நூலைத் துணியாகப் பின்னுகிற நிட்டிங் மிஷினில் ஆபரேட்டராக இருந்தார். "நீ பண்ணு புள்ள, நான் வேண்டாங்கலை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் காலமெல்லாம் நன்றியோடு இருக்க வேண்டும் என்று அவருடைய அம்மாவும் எதிர்பார்த்தார், என்னைப் பெற்றவளும் எதிர்பார்த்தாள்.

ஷெட் வாடகை அவர் பேரில். பேங்க் கணக்கும் அவர் பேரில். கார்டு அடித்தபோது ஓனர் என்று அவர் பேரைப் போட்டார்கள். என் பேரை எங்கே போடுவது என்று அச்சாபீஸ்காரர் கேட்கவும் இல்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே செல்போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டால், "பண்ணிரலாமுங்க, பண்ணிரலாமுங்க" என்பார். அப்புறம் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பி, "ஏம்புள்ள, வெள்ளிக்கெழமைக்கு முடியுமா?" என்று கேட்பார். முதல் வருஷம் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. இரண்டாவது வருஷம் அவர் நிட்டிங் வேலையை விட்டுவிட்டு வந்து, ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

வீட்டில் எனக்கு ஒரு துரும்பு வேலைகூடக் குறையவில்லை. எழுந்து சமைத்து, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, மாமியாருக்கு மதியச் சோறு வரைக்கும் மூடி வைத்துவிட்டுத்தான் மொபெட்டில் ஏறுவேன். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்குவோம். அவர் டிவி முன்னால் உட்காருவார், நான் அடுப்பு முன்னால் நிற்பேன். சாப்பிட்ட தட்டை மட்டுமாவது எடுத்துப் போடுங்கள் என்று ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பேசாமல் எடுத்துப் போட்டார். மாமியார்தான் பிடித்துக்கொண்டார். "கம்பெனியும் வெச்சுக் குடுத்து, தட்டையும் அவன்தான் எடுக்கோணுமா அம்மிணி?" என்றார். வெச்சுக் குடுத்தாராம். அவர் காதில் அது விழுந்தும், இல்லைம்மா, அவளாக ஆரம்பித்தது என்று சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தட்டு பழையபடி இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாவது வருஷம் அந்த ஆர்டர் வந்தது. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, துணியை ரோலாகவே எங்களிடம் கொடுத்து, வெட்டுவதில் ஆரம்பித்துப் பெட்டியில் அடுக்குவது வரை செய்து தரச் சொன்னது. ரப்பர் போல இழுபடுகிற லைக்ரா நூல் கலந்த துணியில் பெண்கள் போடுகிற டாப்ஸ். இது சரியாக வந்தால் சீசன் முழுக்கத் துணி தருகிறோம் என்றார்கள். அடுத்தவன் வெட்டியதைத் தைத்துக் கொடுக்கிறவர்கள் சந்துக்குச் சந்து இருக்கிறார்கள். வெட்ட ஆரம்பித்தால்தான் கம்பெனி என்று மதிப்பார்கள். கைமடியாக நின்ற நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். இது கெட்டுப்போனால் இன்னொன்று வராது என்பதும் எனக்குத் தெரியும். மேசை செய்யக் கொடுத்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு கட்டிங் மாஸ்டரைத் தேடிப் பிடித்துப் போட்டேன்.

லைக்ரா துணிக்கு ஒரு குணம் உண்டு. மிஷினில் இழுத்துச் சுருட்டி ரோலாக வரும்போது அது விறைப்பாக இருக்கும். வந்தவுடன் ரோலைப் பிரித்து, தளர்வாக மடித்துப் போட்டு, முழுசாக ஒரு நாள் ஆற விட வேண்டும். ஆறினால் இழுத்த இழுப்பெல்லாம் போய்த் தன் அளவுக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் வெட்டினால், வெட்டும்போது அளவு சரியாகத்தான் இருக்கும். மறுநாள் பார்த்தால் துண்டுகள் தாமாகவே சுருங்கிக் குட்டையாகிக் கிடக்கும். வெட்டின துணியை நீட்ட எந்தச் சாமியாலும் முடியாது.

துணி வருகிற வாரத்தில்தான் அவருடைய தங்கச்சி மகள் பெரிய மனுஷியானாள். அவர் தாய்மாமன். திரட்டிச் சீர் வைக்க வேண்டும். காங்கேயம் தாண்டி அவர்கள் ஊரில் விசேஷம். தாய்மாமன் காலையில் வந்து நின்றால் போதும், தாய்மாமன் பொண்டாட்டி மட்டும் முந்தின நாளே போய்ச் சீர்த் தட்டு அடுக்க வேண்டும். துணி இறங்குகிற நாள் அது. நான் விடியற்காலையில் கிளம்பி வருகிறேன் என்று மாமியாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். எல்லாரும் என்ன நினைப்பார்கள், சம்பாதிக்கிற திமிர் என்பார்கள் என்று அவர் ஒரு மூச்சு அழுதார். கடைசியில் வீட்டுக்காரர் சொன்னார், "நீ போ புள்ள. துணிய நான் பாத்துக்கறேன்."

அன்று காலையில் ரோல்கள் வந்து இறங்கின. நான் நின்று இறக்கினேன். மாஸ்டரைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் பிரித்துப் போடுங்கள், நாளை மறுநாள் காலையில் நான் வந்த பிறகு வெட்டலாம் என்று சொன்னேன். வீட்டுக்காரரிடமும் சொன்னேன். சரி சரி என்றார். மத்தியானம் பஸ் ஏறினேன்.

மறுநாள் சீரில் பந்தல் நிறையக் கூட்டம். நான் பழத்தட்டைத் தலையில் வைத்து வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. மாமன் மச்சான்மார் சூழ்ந்துகொண்டு, கம்பெனி எப்படிப் போகிறது மாப்ளே என்று கேட்டார்கள். எனக்குப் பத்தடி தூரத்தில் நின்று அவர் சொன்னார், "புது ஆர்டருங்க. நேத்து மத்தியானமே ஆளுகளக் கூட்டியாந்து பூராத்தையும் வெட்டி முடிச்சுப்போட்டன்."

ஆற விடாமல் வெட்டிவிட்டார். மேளம் அடிக்கிறார்கள், தட்டு தலையில் இருக்கிறது, முன்னால் போகிறவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் நடந்தேன். பந்தலைச் சுற்றி மூன்று சுற்று வந்து தட்டை இறக்கினேன். சிரித்தேன்கூட, போட்டோவில் இருக்கிறது. கொஞ்சம் ஓரமாகக் கிடைத்தபோது அவர் கையைப் பிடித்து, எதற்காக வெட்டினீர்கள் என்று கேட்டேன். "இங்க வெச்சு என்ன பேச்சு? சாயங்காலம் பேசிக்கலாம்" என்று கையை உருவிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்.

நடந்ததை மாஸ்டர்தான் எனக்குச் சொன்னார். நான் பஸ் ஏறின கொஞ்ச நேரத்தில், வீட்டுக்காரரோடு நிட்டிங்கில் வேலை செய்த கூட்டாளி ஒருவர் ஷெட்டுக்கு வந்திருக்கிறார். துணி பிரித்துக் கிடக்கிறது, மேசை சும்மா இருக்கிறது, ஓனர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஏன் வெட்டவில்லை என்று கேட்டதற்கு, அவ வந்து வெட்டணும்னு சொன்னா என்று இவர் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். கூட்டாளி சிரித்திருக்கிறார். "ஊட்டுல இருந்து உத்தரவு வந்தாத்தான் கத்திரியத் தொடுவீங்களாட்ட இருக்குது" என்றிருக்கிறார். அவ்வளவுதான். மாஸ்டர் எவ்வளவோ தடுத்திருக்கிறார். "துணி எங்கையில பொறந்தது, எனக்குத் தெரியாததா" என்று சொல்லி, கூட்டாளியின் கம்பெனியிலிருந்து இரண்டு ஆளையும் ஒரு கட்டிங் மிஷினையும் வரவழைத்து, பொழுது சாய்வதற்குள் மொத்தத்தையும் வெட்டித் தள்ளிவிட்டார். "நான் சொல்லத்தான் செஞ்சேன் யக்கா. ஓனர் அவுகதான, நான் என்ன செய்ய?" என்றார் மாஸ்டர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊரிலிருந்து வந்ததும் டேப்பை எடுத்து ஒவ்வொரு கட்டாக அளந்தேன். எல்லாம் உயரத்தில் ஒரு இஞ்சுக்கு மேல் குட்டை. எல்லாச் சைஸும். அவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, தைத்த பிறகு அயர்ன் பண்ணும்போது இழுத்துக்கொள்ளலாம், ஊரில் யார் செய்யவில்லை என்றார். அப்போதே நான் கம்பெனிக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். திட்டியிருப்பார்கள், துணிக்கு நஷ்டம் கேட்டிருப்பார்கள், ஆனால் நேர்மையாகச் சொன்னவள் என்றாவது இருந்திருக்கும். போன் அவர் பையில் இருந்தது. கேட்டால் தந்திருப்பாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. தைக்கக் கொடுத்தேன். அயர்ன் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று, இழுத்துத் தேயுங்கள், இழுத்துத் தேயுங்கள் என்று சொன்னதும் நான்தான். அந்தத் தப்பை நான் யார் தலையிலும் போட மாட்டேன்.

சரக்கின் தரம் பார்க்கிற க்யூசி கம்பெனியிலிருந்து வந்தார். சின்ன வயசுதான், ஆனால் கெட்டிக்காரர். பெட்டியிலிருந்து ஒரு பத்து உருப்படியை எடுத்து அளந்தார். அளவு சரியாக இருந்தது. அவற்றை மறுபடி மடிக்காமல், அப்படியே மேசையில் தளர்வாகப் பரப்பிப் போட்டுவிட்டு, டீ குடிக்கலாமுங்களா என்று வீட்டுக்காரரைக் கேட்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டு, அரைமணி நேரம் கழித்து வந்தார்கள். க்யூசி அதே பத்து உருப்படியை அளந்தார். பத்தும் குட்டை.

மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. டைலர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். க்யூசி சத்தம் போடவில்லை. "துணிய ரிலாக்ஸ் விடாமக் கட்டிங் போட்டிருக்கீங்க. யாருங்க போடச் சொன்னது?" என்று கேட்டார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை போல நின்றார். எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன பரிதாபத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நாலு பேர் முன்னால் எம்பையனைத் தலைகுனிய வெச்சிராதே என்று அவர் அம்மா நூறு தடவை சொல்லியிருப்பார். அந்த நாலு பேர் இதோ மிஷினுக்கு மிஷின் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத்தான் வேலை தெரியும் என்று ஊருக்கே தெரியுமே, ஒரு தடவை தப்பு என் மேல் வந்தால் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன். "நான்தானுங்க" என்றேன்.

அதோடு விட்டிருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டேன். வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். முகத்தில் உயிர் வந்தது. "நான் அப்பவே சொன்னனுங்க, துணி ஆறட்டும்னு. சொன்னாக் கேக்கோணுமில்லீங்க" என்றார்.

மாஸ்டர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அடுத்த வாரம் வேலைக்கு வரவில்லை. க்யூசி என்னைப் பார்த்து, "உங்களப் பத்தி நல்லாச் சொன்னாங்களேங்க, இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார். அந்த வார்த்தையை நான் வாங்கிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது மொபெட்டில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டேன், எதற்காக அப்படிச் சொன்னீர்கள் என்று. பல்லடம் ரோட்டில் லாரிச் சத்தம். இரண்டு தடவை கேட்டேன். "நீயே ஒத்துக்கிட்ட. நான் மாத்திச் சொன்னா ரெண்டு பேருமே பொய்யின்னு ஆயிராதா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நியாயத்தை விளக்குகிற மாதிரி சொன்னார்.

சரக்கை அவர்கள் எடுக்கவில்லை. சீசன் துணி வேறு ஷெட்டுக்குப் போனது. அது கூடப் பரவாயில்லை, பழையபடி வெட்டின துணியைத் தைத்துக் கொடுத்துக் காலம் தள்ளியிருக்கலாம். திருப்பூரில் ஒரு ஷெட்டில் தும்மினால் அடுத்த ஷெட்டில் கேட்கும். லைக்ராவை ஆற விடாமல் வெட்டின பொம்பளை என்று பேச்சு பரவிவிட்டது. தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கை கழுவினார்கள். எட்டு மாசம் இழுத்துப் பறித்துப் பார்த்துவிட்டு ஷெட்டைக் காலி பண்ணினோம். மிஷின்களை வண்டியில் ஏற்றின அன்று நான் போகவில்லை. அவர் போய் நின்று ஏற்றிவிட்டு வந்தார்.

நான் சூப்பர்வைசராக இருந்த பழைய கம்பெனிக்கே வேலை கேட்டுப் போனேன். செக்கிங்கில் மட்டும்தான் இடம் இருக்கிறது என்றார்கள். அதில் சேர்ந்து நின்றபடி டேமேஜ் பார்த்தேன். யாரும் துணியைக் கிழித்து என் கையில் கொடுத்து எப்படி வரும் என்று கேட்கவில்லை. அவர் மறுபடி நிட்டிங்குக்குப் போனார். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில், பொண்டாட்டிக்கு ஒரு கம்பெனி வெச்சுக் குடுத்துப் பார்த்தேன், துணி ஆறும் முன் அவசரப்பட்டு வெட்டிக் கெடுத்துக்கொண்டாள் என்று அவர் சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். முதலில் எல்லாம் என்னைப் பார்க்காமல் சொல்வார். போகப் போக என் முகத்தைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தார். "அதுக்காக நான் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசுனதில்லீங்க" என்று முடிப்பார். நிஜமாகவே பேசியதில்லை.

நான் ஏன் சும்மா இருந்தேன் என்று கேட்கலாம். மகளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அப்பன் மேல் உயிரையே வைத்திருந்தாள். வளர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவளுக்கு ஒருத்திக்குத் தெரிந்தால் போதும் என்று வைத்திருந்தேன்.

அவள் பிளஸ் டூ முடித்து, துணி சம்பந்தமான படிப்பிலேயே சேர்ந்தாள். முதல் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். அவரும் அவளும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் காலேஜில் நடத்தின பாடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, கொஞ்சமும் கெட்ட எண்ணமில்லாமல், தெரிந்துகொள்கிற ஆசையில் என்னைக் கேட்டாள். "ஏனுங்கம்மா, லைக்ராவ ஒரு நாள் ஆற விடோணும்னு எங்களுக்கு முதல் செமஸ்டர்லயே சொல்லிட்டாங்க. இதுகூடத் தெரியாமயா நீங்க கம்பெனி நடத்துனீங்க?"

கரண்டியைக் கீழே வைத்தேன். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரோல் இறங்கின காலை, நான் சொல்லிவிட்டுப் போனது, கூட்டாளி வந்தது, சீர்ப் பந்தலில் என் காதில் விழுந்தது, க்யூசி கேட்டது, நான் பொய் சொன்னது, அவர் அதன் மேல் ஏறி நின்றது. குரல் உயர்ந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது. மகள் சோற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்தாள். அப்புறம் மெதுவாக அப்பன் பக்கம் திரும்பினாள்.

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார். முகத்தில் கோபமில்லை, பயமுமில்லை. நான் எதையோ உளறிவிட்டதற்காக வருத்தப்படுகிறவர் போல இருந்தார். "உடு கண்ணு. அம்மாளுக்கு அந்தக் கம்பெனி போனதுல மனசு நொந்து போச்சு. இப்ப என்ன, தப்பு எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

மகள் எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். பக்கத்தில் நின்று என் தோளில் கை போட்டாள். ஈரக்கை. "அழுகாதீங்கம்மா. தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். அதுக்காக அப்பா மேல போடாதீங்க, அவரு உங்கள ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்காரா?" என்றாள். என் முந்தானையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டு, போகட்டும், நான் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று என் மகள் என்னை மன்னித்தாள்.